ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே யார் விழித்திருப்பார்கள்?

கேள்வி: என் அண்ணனுக்கு 38 வயது. குடியாத்தம் பக்கத்தில் கைத்தறி லுங்கி நெய்கிறார். 12 வருடமாகக் குடி. இப்போதெல்லாம் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நின்று தறியில் உட்கார முடிகிறது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக இரண்டு நாள் குடிக்காமல் இருந்தார். இரண்டாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. அவரை அழைத்துக்கொண்டு வேலூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போய் விசாரித்தோம். டாக்டர் பத்து நிமிடம்தான் பார்த்தார். மற்றபடி நர்ஸ், சைக்காலஜிஸ்ட், சோஷியல் வொர்க்கர், கவுன்சிலர் என்று ஒவ்வொருவராக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அந்த கவுன்சிலர் தானே முன்னாள் குடிகாரர் என்று சொல்கிறார். குடித்தவரிடம் குடிப்பவரை ஒப்படைப்பதா? குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அண்ணிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். எங்கள் மாமா வேறு இடம் சொல்கிறார்: வண்டி அனுப்பி வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போவார்கள், மூன்று மாதம் யாரும் போய்ப் பார்க்க வேண்டாம், திருந்தி வருவான் என்கிறார். அதுவும் வேண்டாம் என்றால் சாப்பாட்டில் கலக்கிற பொடி ஒன்று இருக்கிறதாம். எதைச் செய்வது?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, மையம், மாமா, பொடி எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் அந்த வலிப்பைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தில் அதை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிக்கு மேல் படிக்க மனசு ஓடவில்லை.

பல வருடம் தினமும் குடித்த ஒருவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். சாராயம் மூளையை அமுக்கி வைக்கிற பொருள். வருடக் கணக்காக அந்த அமுக்கத்தை எதிர்த்து வேலை செய்து பழகிய மூளை, அமுக்கம் திடீரென்று விலகியதும் கட்டுக்கடங்காமல் துள்ளுகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வலிப்பு எல்லாம் அதனால்தான். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் உங்கள் வீட்டில் யாரும், "வைராக்கியம் இருந்தா இன்னிக்கே நிறுத்து பார்க்கலாம்" என்று அண்ணனிடம் சவால் விடாதீர்கள். அவர் நிறுத்த வேண்டும், ஆனால் மருத்துவமனையில் நிறுத்த வேண்டும். அவராகவே இன்று நிறுத்திவிட்டார் என்றால் நாளை வரை பொறுக்க வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சி.எம்.சி.யோ, எது முடிகிறதோ அங்கே உடனே கொண்டுபோங்கள். வலிப்பு வந்தால் 108.

சரி, இப்போது உங்கள் கேள்வி. நான் மனநல நர்ஸ். வேலூரைச் சுற்றியுள்ள குடிநோய் வார்டுகளில் 24 வருடமாக வேலை செய்கிறேன், பாதிக்கு மேல் நைட் டியூட்டி. அதனால் என் பதில் நர்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள் என்று உங்களுக்கு அலுப்பு. என்ன கேள்வி என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்: "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீங்க?" இதற்கு ஒரே ஆள் நாலு பேரிடம் நாலு பதில் சொல்வார். டாக்டரிடம் "ஒரு குவார்ட்டர் சார்". சாயங்காலம் என்னிடம் "ரெண்டு இருக்கும் சிஸ்டர்". சோஷியல் வொர்க்கர் வீட்டம்மாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டால், காலையில் கட்டிங், மதியம் குவார்ட்டர், ராத்திரி கணக்கே இல்லை என்று வரும். அந்த முன்னாள் குடிகாரர் தோளில் கை போட்டுக் கேட்டால், தறிக்குழிக்குள் ஒளித்துவைத்த பாட்டிலும் வெளியே வரும். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, வெட்கம். ஆனால் முதல் ஐந்து நாள் கொடுக்கிற மருந்தின் அளவு இந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானமாகிறது. குவார்ட்டர் என்று நம்பி மருந்து கொடுத்துவிட்டு, உண்மை அதைப் போல மூன்று மடங்காக இருந்தால், மூன்றாம் நாள் ராத்திரி அது தெரியவரும். அப்போது தெரிந்துகொள்வது நல்லதில்லை.

டாக்டரின் பத்து நிமிடத்தையும் குறைவாக நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் கண்ணின் மஞ்சளைப் பார்த்திருப்பார், கையை நீட்டச் சொல்லி விரல் நடுக்கத்தைப் பார்த்திருப்பார், வலது விலாவுக்குக் கீழே கல்லீரலை அழுத்திப் பார்த்திருப்பார், நாடியும் பிரஷரும் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருப்பார். வலிப்பைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அடுத்த முறை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வழக்கமாக நடுக்கத்துக்குக் கொடுப்பது குளோர்டயாசிபாக்சைடு என்கிற மாத்திரை. முதலில் அதிகமாகத் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம் மாதிரி வேறு மருந்து. கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி.

இந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். குடிக்கிறவர் சாப்பாட்டை விட்டுவிடுகிறார், உடம்பில் பி1 வற்றிப்போகிறது. "ஆளு சோர்ந்து கெடக்கிறான், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வீட்டார் வற்புறுத்துவார்கள். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சம் இருக்கிற கொஞ்ச நஞ்ச பி1-ஐயும் அது இழுத்துக்கொள்ளும். கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இடத்தில் இப்படி ஆன ஒருவரைப் பார்த்தேன். வயது நாற்பதைத் தாண்டவில்லை. மனைவி காலையில் வந்து பேசிவிட்டுப் போவார், மத்தியானம் "என் வீட்டுக்காரி ஏன் வரவே இல்லை?" என்று அழுவார். முதலில் தயமின், பிறகுதான் குளுக்கோஸ் என்பது ஒரு நர்சுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டிய விஷயம். நீங்கள் பார்த்த மையத்தில் டிகிரியோ டிப்ளமோவோ முடித்துப் பதிவுபெற்ற நர்ஸ் இருக்கிறாரா, அல்லது வெள்ளைச் சட்டை போட்ட யாரோ ஊசி போடுகிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். "ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே யார் விழித்திருப்பார்கள்?" ஏன் அந்த நேரம் என்று ஒரு ராத்திரியைச் சொன்னால் புரியும்.

உங்கள் அண்ணனைப் போலவே ஒரு நெசவாளர், அட்மிட் ஆகி மூன்றாம் நாள். சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தார், இட்லி சாப்பிட்டார். பத்து மணிக்கு மேல் போர்வையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குச் சுவரில் எறும்பு சாரைசாரையாகப் போகிறது என்றார். இரண்டு மணிக்கு எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்துவிட்டார். வலது கை நாடாக் கயிற்றைச் சுண்டி இழுக்கிறது, இடது கை பலகையைத் தள்ளி அடிக்கிறது, கால் இரண்டும் மாறி மாறி மிதிக்கின்றன. எதிரே தறியும் இல்லை, பாவும் இல்லை. திடீரென்று நிறுத்திவிட்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நாக்கில் தொட்டு, காற்றில் எதையோ பிடித்து முறுக்கினார். அறுந்த இழையைச் சேர்க்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இழை அறுந்துகினே கீது சிஸ்டர், லைட்டப் போடுங்க" என்றார்.

நான் லைட்டைப் போட்டேன். அது அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. இந்த நிலையில் இருப்பவருக்கு இருட்டும் நிழலும் பயத்தைக் கூட்டும். வெளிச்சம் வேண்டும், சத்தம் கூடாது, பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். "தறி இல்லை, நீ ஆஸ்பத்திரியில் இருக்கே" என்று சண்டை போடக் கூடாது. இது வேலூர், மணி இரண்டு, நான் சிஸ்டர், உங்கள் தம்பி இதோ இருக்கிறார் என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே நாடியை எண்ணினேன். ஓடுகிற குதிரை மாதிரி இருந்தது, காய்ச்சலும் ஏறியிருந்தது. டாக்டரைப் போனில் எழுப்பினேன், அவர் சொன்ன ஊசியைப் போட்டேன், கால் மணிக்கு ஒருமுறை பிரஷர் பார்த்தேன். அட்டெண்டர் அண்ணன் ஒருவர் மறுபக்கம் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து இழுக்காமல், விழுந்துவிடாதபடி மட்டும் அணைத்துக்கொண்டிருந்தார். விடியும்வரை அப்படியே. டெலிரியம் என்று சொல்வார்கள். குடியை நிறுத்திய இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் வருவது, கவனிக்காவிட்டால் உயிரையே எடுத்துவிடும். அவர் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து அந்த ராத்திரியில் ஒரு துளிகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

இதையே "பேய் பிடித்திருக்கிறது" என்று கட்டிவைத்து அடித்த இடங்களும் உண்டு. கேட்டைப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் மட்டும் இருக்கிற இடமும் உண்டு. அதனால்தான் இரண்டு மணிக் கேள்வி. "டாக்டர் இருபத்து நாலு மணி நேரமும் இருக்கார்" என்று பட்டென்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். "டியூட்டி சிஸ்டர் இருப்பாங்க, டாக்டர் போன்ல இருப்பாரு, ரொம்ப மோசமானா இன்ன ஆஸ்பத்திரிக்கு மாத்துவோம், ஆம்புலன்ஸ் இது" என்று விவரமாகச் சொன்னால் அது நிஜமாக வேலை நடக்கிற இடம்.

அந்த அட்டெண்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. எந்த மையத்திலும் குறைந்த சம்பளம் அவர்களுக்கும் சமையல்காரருக்கும்தான். வார்டில் நடப்பது அதிகம் தெரிவதும் அவர்களுக்குத்தான். யார் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தார், யார் பாத்ரூமில் அழுதார், எந்த மச்சான் ஆரஞ்சுப் பழத்துக்குள் எதையோ வைத்துக் கொண்டுவந்தார் என்று அவர்கள்தான் வந்து சொல்வார்கள். "நீங்க இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று ஓர் அட்டெண்டரைப் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறுகிற இடத்தை நான் நம்ப மாட்டேன்.

சைக்காலஜிஸ்ட் முதல் வாரத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாதது போலத் தெரியும். நடுங்குகிற மூளையிடம் பரிட்சை வைத்து என்ன பயன்? இரண்டு வாரம் போல ஆகித் தெளிந்த பிறகுதான் ஞாபகசக்தி எப்படி, மனச்சோர்வு தனியாக இருக்கிறதா, குடியால் வந்ததா என்று பார்ப்பார். குடிக்கத் தோன்றுகிற அந்த வெறி அலை மாதிரி எழும், கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் தானே இறங்கும், அந்த நேரத்தை எப்படிக் கடத்துவது என்று பழக்குவதும் அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண் கேட்கலாம்.

சோஷியல் வொர்க்கரை "இவர் எதுக்கு?" என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் விஷயத்தில் டாக்டருக்கு அடுத்து அதிகம் தேவைப்படப்போகிறவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது. அண்ணன் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார், இல்லையா? மையத்தில் இருக்கிற நாளெல்லாம் தறி நிற்கும், கடன் நிற்காது. சனிக்கிழமை வாரக்கூலி கைக்கு வரும். கூலி வாங்கின கையோடு கடைக்குப் போவது பல வருடப் பழக்கம். மருந்து கொடுத்து, புத்தி சொல்லி, எல்லாம் செய்து அனுப்பியும் முதல் சனிக்கிழமையில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல சோஷியல் வொர்க்கர் அண்ணனின் சம்மதத்தோடு முதலாளியிடம் பேசுவார். கூலியை அண்ணியின் கணக்கில் போட முடியுமா, முன்பணத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க முடியுமா என்று கேட்பார். சம்மதம் இல்லாமல் செய்தால் அது அவமானமாகிவிடும், அதிலேயே குடி திரும்பும்.

இப்போது அந்த முன்னாள் குடிகாரர். "குடித்தவரிடம் குடிப்பவரை ஒப்படைப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் வருடக்கணக்கில் படித்துவிட்டு வருகிறோம், இவர் குடித்துவிட்டு வந்து எங்களுக்குச் சமமாக உட்காருகிறாரே என்று மனதுக்குள் ஒரு குறை இருந்தது.

ஒருநாள் ஆறாம் நாள் நோயாளி ஒருவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உடம்பு சரியாகிவிட்டது, இனி தொட மாட்டேன், பிள்ளை மேல் சத்தியம் என்றார். டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், அவர் மனைவி காலில் விழாத குறை. அந்த கவுன்சிலர் வந்து படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "போய்ட்டு வாப்பா. பஸ் ஸ்டாண்டுல எறங்கினதும் எந்தப் பக்கம் திரும்புவே?" அவ்வளவுதான் கேட்டார். அந்த ஆள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அந்தக் கேள்வி எனக்கு ஆயுசுக்கும் தோன்றியிருக்காது.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசினார்கள். இரண்டு பேரும் குடியை விட முடியாமல் தவித்தவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்கேதான் தொடங்கியது. இன்று நம் ஊர்களிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன, பைசா செலவில்லை, பெயர் வெளியே போகாது. உங்கள் மையத்து கவுன்சிலரும் அந்த வழியில் வந்தவராக இருக்கலாம். ஆனால் குடியை விட்டவர் என்பது மட்டுமே தகுதியாகிவிடாது. எத்தனை வருடமாகக் குடிக்காமல் இருக்கிறார், முறையாகப் பயிற்சி எடுத்தாரா, இப்போதும் கூட்டத்துக்குப் போகிறாரா, அவருக்கு மேலே கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். மாத்திரை அளவைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் அது தப்பு. "நான் இப்படித்தான் விட்டேன், நீயும் இப்படியே விடு" என்று அடம்பிடித்தாலும் தப்பு.

கூடத் தங்குவதைப் பற்றி அண்ணிக்கு நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950-களில் டாக்டர் வித்யா சாகர் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பங்களைக் கூடவே தங்கவைத்தார். நம் வேலூரில் பாகாயத்தில் 1957-ல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையமும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறுகிற முறைக்குப் பெயர்பெற்றது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மையமும் வீட்டாருக்கென்று தனியாகவே நிகழ்ச்சி வைத்தது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். வீட்டில் இருப்பவர்களுக்கும் உதவி வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, கூட ஒருவர் இருக்கச் சொல்வது மையத்துக்கு ஆள் பற்றாமல் இல்லை. அந்த நெசவாளர் விஷயத்தில் அவர் தம்பியின் குரல் பாதி மருந்தாக இருந்தது.

ஆனால் அது அண்ணியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. முதல் வாரம் நீங்கள் தங்குங்கள். அண்ணி வாரத்துக்கு ஓரிரு நாள் பகலில் வந்து கவுன்சலிங்கில் உட்காரட்டும். 12 வருடம் அவர் பட்டதை முதல்முறையாக ஒருவர் முழுசாகக் கேட்பார். ஒரு விஷயம்: "நீ ஒழுங்கா பார்த்துக்கிட்டா அவன் ஏன் குடிக்கிறான்" என்று உங்கள் வீட்டில் யாராவது அண்ணியிடம் சொல்லியிருந்தால், அதை இந்த வாரமே நிறுத்தச் சொல்லுங்கள்.

மாமா சொல்கிற வண்டி. தம்பி, இதில் நான் கறாராகவே எழுதுகிறேன், அனுப்பாதீர்கள். மாமா அக்கறையில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்துக்குள் குடி, போதையால் வருகிற மனநிலைக் கோளாறுகளும் வருகின்றன. அதன்படி இப்படிப்பட்ட மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வயதுவந்த ஒருவரை அவர் சம்மதத்தோடு சேர்ப்பதுதான் வழி. சம்மதம் சொல்ல முடியாத அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தால், மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்து எழுத வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான், அதற்கு மேல் போனால் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். சங்கிலி போடுவதைச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. வீட்டாரைப் பார்க்கவும் போனில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. நாலு தடியர்கள் வந்து கை காலைக் கட்டித் தூக்கிப்போவது சிகிச்சையில் சேராது.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். வலிப்பு வந்த மனிதரை வண்டியில் அமுக்கிப்போட்டுக் கொண்டுபோய், டாக்டர் இல்லாத இடத்தில் குடியை வெடுக்கென்று நிறுத்தினால் மூன்றாம் நாள் ராத்திரி என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன். "மூன்று மாதம் யாரும் வராதீங்க" என்று ஓர் இடம் சொன்னால், அந்த மூன்று மாதத்தில் உடம்பில் ஏற்படுகிற காயம் ஆற அவகாசம் வேண்டும் என்றுகூட அர்த்தம் இருக்கலாம். அப்படி ஓர் இடத்திலிருந்து எங்களிடம் வந்த ஒருவர், அட்டெண்டர் பிரஷர் மெஷினின் பட்டையைக் கையில் சுற்றப்போனபோது மணிக்கட்டைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மறுபடி கையை நீட்ட அவருக்கு நாலு நாள் ஆயிற்று.

பொடி விஷயம் சுருக்கமாக. அப்படி விற்பவற்றில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். டைசல்ஃபிராம் என்ற மருந்தைச் சிலர் அப்படிக் குழம்பில் கலக்கிறார்கள். அது வயிற்றில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி ஆளே போய்விடலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும். டாக்டர்களும் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள்தான்: நோயாளிக்கு விவரம் சொல்லி, கையெழுத்து வாங்கி, இதயத்தையும் கல்லீரலையும் பார்த்து. தெரியாமல் கலந்து கொடுத்து, பிழைத்து, பிறகு உண்மை தெரிந்தால், அதற்கப்புறம் அண்ணி வைக்கிற சோற்றை அவர் நம்பிச் சாப்பிடுவாரா? வெறியைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாதிரி வேறு மருந்துகளும் இருக்கின்றன. டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக, வீட்டுக்கு வந்த பிறகு. மறுபடி ஒருமுறை குடித்துவிடலாம். மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரை ஏறினால் என்ன செய்வோமோ அதையே செய்ய வேண்டும், திரும்ப அழைத்துவர வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், டிஸ்சார்ஜ் ஆகி இரண்டே மாதத்தில் குடித்துவிட்டு ஒருவர் திரும்பி வந்தார். கேட்டுக்குப் பக்கத்திலேயே நான், "உனக்காக எத்தனை ராத்திரி முழிச்சேன், வெக்கமா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்து போய்விட்டார். எட்டு மாதம் கழித்து வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் எனக்கும் பங்கு உண்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போதெல்லாம் குடித்துவிட்டு வருகிறவரிடம் நான் சொல்கிற முதல் வார்த்தை "வந்தீங்களே, நல்லது". டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் போன் செய்வார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, விழுந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா என்று மையத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முதலில் பார்த்த மையம் சரியான இடமாகவே தெரிகிறது. பணம் இடித்தால் அடுக்கம்பாறை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவு உண்டு, அரசு மருத்துவமனை. அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கு 14416. அண்ணன் தெளிவாக இருக்கிற காலை நேரமாகப் பார்த்து நீங்களே பேசுங்கள், மாமாவை வைத்துக்கொண்டு வேண்டாம். "வலிப்பு வந்ததில் பயந்துட்டேன் அண்ணா, உன்கூட நானே வந்து தங்குறேன்" என்று சொல்லுங்கள். பஞ்சாயத்து வைத்து வராதவர்கள் இப்படிச் சொன்னதும் வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆதார் கார்டு, பழைய மருந்துச் சீட்டுகள், வலிப்பு வந்தபோது எங்காவது காட்டியிருந்தால் அந்தக் காகிதம், இரண்டு லுங்கி, துண்டு போதும். புறப்படுகிற அன்று, கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் டியூட்டி சிஸ்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.